காளிகாட்டில் இன்னொரு நான்கு விநாடி

கொல்கத்தா மஞ்சளாக இல்லை. விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே நான் முதலில் சரிபார்த்தது அதைத்தான். ஹாலிவுட் படங்களில் இந்த நகரம் வரும்போதெல்லாம் வானம், சுவர், மனிதர் முகம் எல்லாம் காமாலை கண்டதுபோல் இருக்கும். லண்டனுக்கு நீலம், கொல்கத்தாவுக்கு மஞ்சள் என்று யாரோ எழுதாமலே வகுத்த சட்டம். ஜனவரி காலையில் நான் பார்த்த நகரம் சாம்பலும் வெள்ளையுமாக, துவைத்துப் போட்டு இன்னும் காயாத வேட்டிபோல் இருந்தது. மஞ்சளாக இருந்தவை சில டாக்சிகள் மட்டும்.

மதுரையில் ஒரு நாளிதழின் சினிமாப் பக்கத்தை இருபத்தாறு ஆண்டு பார்த்தவன் நான். கொல்கத்தாவுக்குப் போனது பட்டிமன்ற நடுவராக. அங்குள்ள தமிழர்கள் சிலர் சேர்ந்து பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். வழக்கமாக வரும் நடுவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ‘ஹாலிவுட் படங்களில் சமூகக் கருத்து: உரமா, சுமையா?’ என்பது தலைப்பு. செயலாளர் நாகராஜன் தொலைபேசியில் என்னைப் பிடித்து, “நீங்க இதைத் திட்டி எழுதினதைப் படிச்சிருக்கேன் சார், அதான்” என்றார்.

உண்மைதான். படம் பார்க்கப் போனால் பாடம் நடத்துகிறார்கள் என்று எழுதியிருந்தேன். காட்சிக்கு ஒரு கறுப்பர், ஒரு ஆசியர் என்று ரேஷன் கடையில் நிறுப்பதுபோல் ஆள் சேர்க்கிறார்கள் என்று ஒரு வரியும் அதில் உண்டு. அந்த வரியை அலுவலகத்தில் மேசைக்கு மேசை சொல்லிச் சிரித்தார்கள்.

நாகராஜன் திருச்சிக்காரர். அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. வீடு பெஹாலாவில். வெள்ளிக்கிழமை காலை எனக்கு உப்புமா கொடுத்துவிட்டு, நான் இரண்டாவது வாய் எடுத்ததும் முகத்தைப் பார்த்தார்.

“நம்ம சமையல் இவ்வளவுதான் சார். மத்தியானம் காளிகாட்ல தனபால் அண்ணன் கடைக்குப் போயிடுங்க. ஞாயித்துக்கிழமை பேசப்போறவரும் அவர்தான். அவர் சம்சாரம் எதிர் அணி.”

“புருஷன் பெண்டாட்டி எதிரெதிரா?”

“எட்டு வருஷமா அப்படித்தான். டிக்கெட் போட்டா ஹவுஸ்ஃபுல் ஆகும்.”

பஸ்ஸில் போனேன். கண்டக்டர் படியில் தொங்கியபடி பஸ்ஸின் தகரத்தை அடித்துக்கொண்டே வந்தார். ஓர் அடி என்றால் நில், இரண்டு அடி என்றால் போ. மதுரையில் விசிலுக்கு இருக்கும் வேலையை இங்கே உள்ளங்கை பார்க்கிறது. ஓரிடத்தில் பஸ் பாதி காலியானது. காளிகாட் வந்துவிட்டது என்று நினைத்து நானும் இறங்கினேன். இறங்கியவர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டு மாட்டியிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அலிப்பூர் கோர்ட்டு. வழக்கில்லாத ஒரே ஆள் நான். மிச்ச தூரம் நடை. நடுவில் ஒரு பாலம், அடியில் அசையாத கறுப்புத் தண்ணீர், பாலம் தாண்டியதும் மண் குவளையில் இஞ்சி டீ. குடித்த குவளையை எல்லோரும் கீழே போட்டு உடைக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.

தனபால் கடை கோயிலுக்குப் போகும் சந்து ஒன்றில் இருந்தது. எட்டு மேசை. வாசலுக்கு மேலே ஃபிளெக்ஸ் போர்டு. அதில் பால் நிறத்தில் ஒரு பெண் தோசையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தோசையை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

தனபாலுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல கறுப்பு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, எஃகுப் பட்டை வாட்ச். ஊர் சிவகாசிப் பக்கம். இட்லி பஞ்சுபோல் இருந்தது. சாம்பார் இனித்தது.

“இங்கத்து ஆளுங்களுக்கு அப்படித்தான் வேணும் சார்,” என்றார். “நமக்குன்னு தனியா ஒண்ணு உள்ள இருக்கு. மல்லிகா, மதுரை சார் வந்திருக்காரு, நம்ம சாம்பார் கொண்டா!”

அடுத்த மேசையில் குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர், “கீ கொபோர், ஹாலிவுட் தா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என்ன சேதி, ஹாலிவுட் அண்ணே என்று பொருள். தனபாலும் சிரித்தார், பல்லால் மட்டும். சந்தில் போன இன்னொருவரும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் போனார். காரணம் கேட்டேன்.

“நான் ஹாலிவுட் படத்துல நடிச்சிருக்கேன் சார். நாலு செகண்டு. இருபது வருஷத்துக்கு முந்தி. ஹீரோயின் கார்ல போவா, நான் கார் கண்ணாடியைத் தட்டிக் கையை நீட்டணும். வரிசையில நின்ன அத்தனை பேருலயும் என்னைத்தான் எடுத்தாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் சட்டையைக் கழட்டுன்னான். வாட்ச்சைக் கழட்டுன்னான். கண்ணாடியைக் கழட்டுன்னான். ஒரு பொண்ணு வந்து கை, நெஞ்செல்லாம் கறுப்பு மாவு பூசுச்சு. எனக்கு சார்!” கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். “எனக்கு!”

“விட்டுப்போன இடம் ஏதாச்சும் இருந்திருக்கும்,” என்றது சமையலறைக் குரல். சாம்பார்க் கிண்ணத்துடன் மல்லிகா வந்தார். கணவரை விட உயரம். அதே நிறம்.

அந்தப் படம் எப்போதாவது டிவியில் வருமாம். வந்த மறுநாள் சந்து முழுக்க அவரிடம் கையை நீட்டுமாம்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு இளம்பெண் காகித அட்டையுடன் உள்ளே வந்தார். பெயர் மிதாலி. வெளிநாட்டுப் படக் குழுவுக்கு உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவர்கள் வங்காள மொழியில் பேசினார்கள், மல்லிகா எனக்கு மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை இதே சந்தில் படப்பிடிப்பு. டிபன் கடைக்காரராக ஓர் ஆள் வேண்டும். கதாநாயகி வழி கேட்பாள், அவர் நிமிர்ந்து பார்த்துக் கை காட்ட வேண்டும்.

“இது பழைய மாதிரிப் படம் இல்லை, தனபால் தா,” என்றார் மிதாலி. “கதாநாயகி கறுப்பினத்து வக்கீல். தொழிலாளிகளுக்காகக் கோர்ட்டில் பேசுகிறாள். ரொம்ப நல்ல கருத்து.”

“கருத்து இருக்கட்டும்மா. சட்டை இருக்கா?”

மிதாலி அட்டையைப் புரட்டினார். “கிழிந்த பனியன் என்று போட்டிருக்கிறது.” கொஞ்சம் தயங்கி, “கண்ணாடி கூடாது என்றும் இருக்கிறது” என்றார்.

ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்வதாகத் தனபால் அனுப்பி வைத்தார். மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“எனக்கு இன்னொரு நாலு செகண்டு வேணும் சார். நான் நானாத் தெரியற மாதிரி. அதைப் பாத்துட்டு இந்தச் சந்து என்ன வேணாலும் கூப்பிடட்டும்.”

சனிக்கிழமை காலை கச்சோரியும் உருளைக்கிழங்கும், கூடவே புது வெல்லம் போட்ட சந்தேஷும் தின்றேன். வெல்லத்தின் வாசனைக்காகவே ஜனவரியில் வரலாம். பிறகு தனபால் கடைப் பக்கம் போனால் உள்ளே சண்டை நடக்கிறது. நல்லவேளை, ஒத்திகை. மல்லிகா வடைக்கு மாவு தட்டிக்கொண்டே பேசினார், தனபால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மறுத்தார். அணி எது என்பதை மேடையில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். முன்பு ஒருவர் பதினாறு பக்கம் எழுதி வந்து எல்லாவற்றையும் படித்துவிட்டதால் வந்த ஏற்பாடு அது. ஆனால் தனபாலுக்குக் கவலையில்லை. அவர் நினைத்த சீட்டே எட்டு வருடமும் வந்திருக்கிறது. இந்த வருடம் அவர் தயாரித்தது ‘உரம்’. மல்லிகா தயாரித்தது ‘சுமை’.

“நாளெல்லாம் அடுப்புல நின்னுட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்து படம் பாக்குறேன்,” என்றார் மல்லிகா. “அப்ப ஒருத்தி வந்து எனக்கு நியாய தர்மம் சொல்லப்படாது. நியாயம் கேக்கணும்னா மாமியாருக்கே போன் போட்டுக்குவேன்.”

“கருத்து இல்லாத படத்துலதான்டி என்னைக் கரியாக்குனான்!”

“நேத்து வந்த பொண்ணு கருத்துப் படம்னுதானே சொன்னா? அதுலயும் பனியன்தானே?”

தனபாலின் கத்தி நின்றுவிட்டது.

குரங்குக் குல்லாய்ப் பெரியவர் அன்றும் இருந்தார். ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர் என்று தெரிந்தது. எதைப் பற்றிச் சண்டை என்று ஆங்கிலத்தில் என்னிடம் விசாரித்தார். சொன்னேன். “அவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் பிச்சைக்காரன்,” என்றார். “எங்களுக்கு உங்கள் ஊர் என்றால் நெற்றியில் பட்டை போட்டு ஐயோ ஐயோ என்கிற ஆள். உங்கள் படங்களில் நாங்கள் எப்படி?” யோசித்துப் பார்த்தேன். ரசகுல்லா தின்கிற ஆள் என்றேன். “பரவாயில்லை, அதில் ருசியாவது இருக்கிறது” என்று எழுந்து போனார்.

ஞாயிறு மாலை மூன்று மணிக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பட்டிமன்றம். எழுபது பேர் இருப்பார்கள். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள், வங்கிக்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கள், வங்காள மொழியில் சண்டை போட்டுக்கொண்டு ஓடும் அவர்களுடைய பிள்ளைகள். நாகராஜன் எவர்சில்வர் டப்பாவைக் குலுக்கினார். தனபால் சீட்டைப் பிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

சுமை.

மல்லிகாவுக்கு உரம். பத்து நாள் ஒரே அடுப்படியில் ஒத்திகை பார்த்ததில் ஒருவர் வாதம் மற்றவருக்கு மனப்பாடம். சொந்த வாதம் இருவருக்கும் இனி உதவாது. அவர்களுக்கு இருந்த ஒரே வழி திருட்டு.

மல்லிகா முதலில் எழுந்தார். “கருத்து இல்லாத படத்திலேதான் ஒரு அப்பாவி மேல கரி பூசினாங்க!” என்று தொடங்கினார்.

“நடுவர் அவர்களே, அது என் பாயிண்ட்!” என்று தனபால் எழுந்து நின்றார்.

“வெங்காயம் நறுக்கினப்ப சொன்னீங்க. கீழ விழுந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.”

மண்டபம் அடங்க ஒரு நிமிடம் ஆனது. நான் மணி அடித்தேன், பயனில்லை. கணக்குத் தீர்க்க தனபாலும் மாமியார் போன் வசனத்தைத் திருடிச் சொன்னார். முன்வரிசையில் இருந்த மாமியார்களே கைதட்டினார்கள். அணிக்கு இன்னொருவர் வீதம் ஒரு வங்கி அதிகாரியும் ஒரு பொறியாளரும் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். யாருக்கும் நினைவில்லை.

இரண்டாவது சுற்றில் தனபால் கையில் ஒரு குறிப்பும் இல்லாமல் வந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் மிதாலி வந்து உட்கார்ந்திருந்தார். பதில் வாங்க வந்தவர். பக்கத்தில் நாகராஜன் குனிந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

“என்னை ஹாலிவுட்டுன்னு கூப்பிடுறீங்க,” என்றார் தனபால். “நான் அந்தக் கதையை மேடையில சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்றேன்.” சட்டை, வாட்ச், கண்ணாடி, கறுப்பு மாவு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. “அந்தப் படத்துல கருத்து இல்ல. அதனாலதான் இப்படின்னு இருபது வருஷமா நெனைச்சேன். இப்ப கருத்துள்ள படம் ஒண்ணு வந்திருக்கு. அதுல வக்கீலம்மா மனுஷனோட மரியாதையைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசும். நல்லாத்தான் பேசும். ஆனா அந்தம்மா வழி கேக்குற கடைக்காரனுக்குக் கிழிஞ்ச பனியன். ஏன்? கருத்தையெல்லாம் வசனம் எழுதுறவன்கிட்ட குடுத்துட்டாங்க. துணிப்பெட்டி வச்சிருக்கிறவனுக்கு யாரும் சொல்லல. வாயில மட்டும் சுமக்கிறது சுமைதாங்க. எனக்குப் புத்தி சொல்ல வேணாம். என் சட்டையை என்கிட்ட விடுங்க. போதும்.”

உட்கார்ந்தார். கைதட்டல் நீண்டது. தீர்ப்பு அவருக்குத்தான் என்று என் தாளில் எழுதிவிட்டேன். எழுதியதன் கீழ் ஒரு கோடும் போட்டேன்.

மல்லிகா மெதுவாக எழுந்தார்.

“எங்க வீட்டுக்காரர் பேசினதுல தப்பு இல்லீங்க. ரெண்டே கேள்வி கேக்குறேன். ஹாலிவுட்காரன் உங்களைக் கரியாக்கினான், சரி. நம்ம கடை போர்டுல தோசையைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டுறாளே, அவ யாரு? தோசை சுடுறவ நான். நம்ம வம்சத்துல யாராச்சும் அந்த நெறமா? என் மூஞ்சியை எந்தத் துணிப்பெட்டிக்காரன் கழட்டினான்?”

மண்டபத்தில் ஓ என்று ஒரு சத்தம். தனபால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கன்னத்தில் அறை வாங்கியவர்போல் ஒரு கை தாடையில் இருந்தது.

“ரெண்டாவது. அன்னைக்குச் சட்டையைக் கழட்டுன்னான், கழட்டினீங்க. ஏன்னு கேக்கலை. இன்னைக்குச் சட்டை இருக்கான்னு கேக்குறீங்களே, அந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு? நீங்க மாறலைங்க. அப்பவும் இதே ரோஷம் உங்களுக்கு உண்டு. அப்ப இதைப் பேச ஊர்ல ஆள் இல்ல. இப்ப அவன் படத்துலயும் பேசுறான், நாமளும் வேலையத்துப்போய் மண்டபம் பிடிச்சுப் பேசுறோம். நாலு பேர் பேசிப் பேசித்தான் உங்க வாய்க்கு அந்தக் கேள்வி வந்துச்சு. அசட்டுத்தனமாப் பேசினாலும் பேச்சு உரம்தாங்க. சாணி கூட அழகா இருக்காது.”

பத்திரிகையில் ஒரு பழக்கம் உண்டு. அச்சுக்குப் போன பிறகு சரியான செய்தி வந்தால், இயந்திரத்தை நிறுத்த வேண்டும். என் தாளில் எழுதியதை அடித்தேன். ரேஷன் கடை என்று நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. அந்தக் கடையில் வரிசையில் நின்றவர்கள் யாரையும் நான் கேட்டு எழுதவில்லை. அதையும் மேடையிலேயே சொன்னேன். தனபால் சொன்னது குறை, மல்லிகா சொன்னது அந்தக் குறையைச் சொல்ல வழி வந்த விதம். ஆகவே உரமே என்று தீர்ப்பளித்தேன். இரு தரப்பையும் தட்டிக்கொடுத்து அனுப்பும் தீர்ப்பை எதிர்பார்த்திருந்த நாகராஜன் ஒரு கணம் விழித்தார். தோற்றவர்தான் முதலில் எழுந்து கைதட்டினார். தட்டும்போது மனைவியைப் பார்த்தார், என்னையல்ல.

மிதாலி மேடைக்கு வந்தார். பதில் என்ன என்று அவர் கேட்கவில்லை. “நீங்கள் விரலைத் தூக்கிப் பேசியபோது படம் எடுத்து ஆடைப் பிரிவுக்கும் இயக்குநருக்கும் அனுப்பிவிட்டேன்,” என்றார். “கடைக்காரர் இவர்தான், இப்படித்தான் இருப்பார் என்று எழுதினேன். முடிவு என் கையில் இல்லை. சிறு வயதிலிருந்து என் ஊரையும் அந்த மஞ்சளில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தனபால் தா.”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மிதாலியின் பதில் வந்தது. ‘அப்படியே வரவும்.’ தனபால் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார், குரங்குக் குல்லாய்க்காரருக்கு இரண்டு முறை. ஆனால் பத்து மணிக்கு ஆடைப் பிரிவிலிருந்து வந்தவர் கையில் ஹேங்கர் இருந்தது. ஹேங்கரில் பனியன் இருந்தது. ஓட்டைகள் கத்தரியால் வெட்டியவை, ஒரே அளவு.

தனபால் வாட்ச்சைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். “இது வேண்டாம்,” என்றார் ஆங்கிலத்தில். அதைச் சொல்ல அவருக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது, சொல்லி முடிக்க ஒரு விநாடி.

வெள்ளைத் தொப்பி போட்ட இயக்குநர் அம்மாள் கிட்டே வந்தார். மிதாலி விளக்கினார். கண்ணாடி எதற்கு என்று மட்டும் அம்மாள் கேட்டார்.

“கண்ணாடி இல்லேன்னா தோசை வெந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லும்மா.”

மிதாலி சொன்னார். அம்மாள் தனபாலை மேலிருந்து கீழாகப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பிறகு ஹேங்கர்க்காரரைப் பார்த்துக் கையை ஒரு தடவை ஆட்டினார். ஹேங்கர் போய்விட்டது. சந்து விசில் அடித்தது.

அடுத்து கலைப் பிரிவு ஆள் வந்து போர்டைப் பார்த்தார். அது பளிச்சென்று நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார். மல்லிகா உள்ளே போய் முக்காலியும் திருப்புளியும் எடுத்து வந்தார்.

“ஏய், என்ன பண்றே? அவங்களே வேணும்கிறாங்க!”

“அவங்க உங்க சட்டையை விட்டாங்கல்ல? நீங்க இவளை விடுங்க.”

நாலு திருகாணிகள். மூன்றாவது துருப்பிடித்திருந்தது, அதைத் தனபாலே ஏறிக் கழற்றினார். பால் நிறப் பெண் தோசையோடு சுவரில் சாய்ந்தாள். அவள் இருந்த இடத்தில் சுவர் புதுச் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது.

கேமரா ஓடியது. வக்கீலாக நடித்த பெண் வந்து நின்று வழி கேட்டாள். தனபால் கல்லில் தோசையைத் திருப்பினார், நிமிர்ந்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், கையை நீட்டி வழி காட்டினார். வாட்ச்சில் வெயில் பட்டு மின்னியது. நான் என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு விநாடி.

ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. குரங்குக் குல்லாய்க்காரர் குல்லாயைக் கழற்றினார், இந்த நான்கு நாளில் முதல் தடவையாக. “தனபால் பாபு,” என்றார் மரியாதையாக, “ஒரு தோசை.”

விமானத்துக்குக் கிளம்பும்போது, படத் தொகுப்பைப் பற்றித் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம் என்று நினைத்தேன். ஏழு விநாடி எடுத்தாலும் கடைசியில் நான்காகலாம், இரண்டாகலாம், மொத்தமாகவே வெட்டிவிடவும் கூடும் என்றேன்.

தனபால் பேசுவதற்குள் மல்லிகா என் கையில் இட்லிப் பொட்டலத்தைத் திணித்தார்.

“வெட்டினா வெட்டட்டும் சார். சட்டையோடதானே வெட்டுவாங்க.”